இருபத்தாறு ஆம்பியர்

இந்தக் கதையில் ஒரு இடத்தில் என் நினைவை என்னாலேயே நம்ப முடியவில்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அவள் இதை என்னிடம் மூன்று தடவை சொல்லியிருக்கிறாள். மூன்று தடவையும் வெயிலின் அளவு மாறவில்லை, கடிகாரம் காட்டிய நேரம் மாறவில்லை, ஆம்பியர் கணக்கில் ஒரு எண்கூடப் பிசகவில்லை. லைன்மேன் போனில் சொன்ன ஒரு பேச்சை மட்டும், அவன் மாடிப்படி ஏறும்போது சொன்னானா இறங்கும்போது சொன்னானா என்று ஒவ்வொரு தடவையும் அவள் வேறு மாதிரி சொன்னாள். அல்லது அவள் ஒரே மாதிரிதான் சொன்னாள், நான்தான் மாற்றிப் போட்டுக்கொண்டேன். ஏறும்போதோ இறங்கும்போதோ, அதில் என்ன இருக்கிறது என்று கேட்பவர்கள் இருக்கலாம். அவள் அப்படிக் கேட்கவில்லை. ஏறும்போது என்றே வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

அவள் வேலை பார்த்தது மின் விநியோகக் கட்டுப்பாட்டு அறையில். ஜன்னல் கிடையாது. சுவர் முழுக்க ஒரே திரை. அதில் ஊர் முழுவதும் பச்சைக் கோடுகளாகப் படுத்திருக்கும். ஒவ்வொரு கோடும் ஒரு ஃபீடர். பத்துப் பன்னிரண்டு தெருக்களின் டிரான்ஸ்ஃபார்மர்களுக்கு மின்சாரம் கொண்டுபோகும் பாதை. கேட்கிற அளவுக்கு மின்சாரம் இல்லாத நாட்களில் ஒவ்வொரு ஃபீடரையும் ஒரு மணி நேரம் அணைத்து அடுத்ததற்குப் போக வேண்டும். அணைத்தால் கோடு சிவப்பாகும். அணைப்பதும் கொடுப்பதும் அவள் கை.

இயந்திரங்கள் சூடாகக் கூடாது என்பதால் அந்த அறையில் ஏசி எப்போதும் இருபதிலேயே இருக்கும். வெளியே ஊர் வெந்துகொண்டிருக்கும்போது உள்ளே இருந்த மூன்று பேரும் குளிருக்குப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். அவளுக்கு அதற்கென்றே உள்ளே பஞ்சு வைத்த ஒரு கோட்டு இருந்தது. கீழ்வீட்டுத் தையலக்கா தைத்துக் கொடுத்தது.

"ஊரே அனல்ல வெந்துட்டு இருக்கு, உனக்குக் கோட்டு கேக்குது," என்றாள் தையலக்கா, அளவெடுத்தபோது. "பஞ்சத் தொட்டாலே எனக்கு வேர்த்துக் கொட்டுது. நீ எங்கயாவது பனிமலைக்கு வேலைக்குப் போறியா, இல்ல எங்க கரண்ட்டப் புடுங்கற வேலைக்குத்தான் போறியா?"

"புடுங்கறதுக்குத்தான்க்கா."

"அப்ப கைய மட்டும் கொஞ்சம் இறுக்கமாத் தைக்கறேன். சட்டுனு நீட்ட முடியாதபடி."

தையலக்காவுக்கு ஐம்பது வயது இருக்கும். தனிக்கட்டை. காலை ஆறு மணிக்கு மெஷினில் உட்கார்ந்தால் விளக்கு வைக்கும்வரை எழுந்திருக்க மாட்டாள். மெஷின் சத்தம் மூன்றாம் மாடிவரை கேட்கும். பகலில் தலை சாய்ப்பவர்களைக் கண்டால் அவளுக்கு ஆகாது. "ராத்திரின்னு ஒண்ணு எதுக்கு இருக்கு?" என்பாள்.

கட்டுப்பாட்டு அறையில் வேலை என்பதால் அவளைச் சொந்தக்காரர்கள் எல்லோரும் இருட்டு என்றுதான் கூப்பிடுவார்கள். எந்த வீட்டில் மின்சாரம் போனாலும் முதல் போன் அவளுக்குத்தான் வரும். "இருட்டு, மாவு பாதியில நிக்குதுடி, அஞ்சு நிமிஷம் குடேன்," என்று பெரியம்மா கெஞ்சுவாள். அவள் சிரித்துக்கொண்டே போனை வைத்துவிடுவாள். யாருக்கும் ஐந்து நிமிஷம் கொடுத்ததில்லை.

அதற்குக் காரணம் உண்டு. இரண்டு கோடைக்கு முன்பு, கட்டுப்பாட்டு அறை ஆட்கள் குடியிருக்கும் தெருக்களில் மட்டும் மின்சாரம் போவதே இல்லை என்று யாரோ ஒரு பட்டியல் எழுதி வாசல் கேட்டில் ஒட்டிவிட்டார்கள். பட்டியலில் பாதி உண்மை. அடுத்த நாள் கேட்டில் கல் விழுந்தது. அதன்பிறகு யாரும் உத்தரவு போடாமலே அறைக்குள் ஒரு வழக்கம் வந்தது. இருக்கையில் யார் உட்கார்ந்திருக்கிறார்களோ, அவர்கள் வீட்டு ஃபீடரைத்தான் முதலில் அணைக்க வேண்டும். சொந்தத் தெரு முதல்; ஊர் பிறகு. மற்றவர்கள் சில நாள் மறந்தார்கள், சில நாள் மறந்தமாதிரி இருந்தார்கள். அவள் ஒரு நாளும் மறந்ததில்லை. அதில் அவளுக்கு ஒரு கர்வமே இருந்தது.

அவள் வீடு பதினேழாம் ஃபீடரில். மூன்றாம் மாடி, அதற்கு மேல் மொட்டை மாடிதான். கணவன் பேக்கரியில் அடுப்படி வேலை. இரவு முழுக்க ரொட்டி சுட்டுவிட்டு விடிந்தபிறகு வருவான். பதினோரு மணிக்குப் படுத்தால் மாலை ஐந்துவரை தூக்கம். எதிர்வீட்டில் பட்டப்பகலில் திருட்டுப் போனதிலிருந்து கதவை உள்ளே தாழ்ப்பாள் போட்டுக்கொண்டுதான் படுப்பான். போனைச் சத்தமில்லாமல் வைத்துவிடுவான். ஜன்னலையும் மூடிவிடுவான், திறந்தால் வருவது காற்று இல்லை, அடுப்பு மூச்சு.

"நான் வேல பாக்கற எடத்துல இருநூறு டிகிரி," என்பான். "வீட்டுல நாப்பத்தாறுன்னா எனக்குக் குளிர்காலம்."

அவள் பயப்படும்போதெல்லாம் அவன் இன்னொன்றும் சொல்வான். "ஃபேன் நின்னா நான் முழிச்சுக்குவேன். அதான் என் அலாரம். அலாரத்த அடிக்கறவளே நீதானே?"

அது உண்மை. ஒரு மணிக்கு அவள் பதினேழை அணைப்பாள். அங்கே மின்விசிறி நிற்கும், அவன் விழிப்பான். ஒரு வாளித் தண்ணீரைத் தலையில் ஊற்றிக்கொண்டு, போனில் அவளுக்கு "ம்" என்று ஒரே ஓர் எழுத்து அனுப்புவான். பிறகு படிக்கட்டு வளைவில் கொஞ்சம் காற்று வரும் இடத்தில் உட்கார்ந்திருந்துவிட்டு, இரண்டு மணிக்கு மின்சாரம் வந்ததும் மறுபடி போய்ப் படுப்பான். அந்த "ம்" வந்தால் அவளுக்கு அன்றைய நாள் முடிந்தமாதிரி.

அன்று வெயில் அதிகமாகிப் பதினோராவது நாள். முந்தின இரவு வெப்பம் முப்பத்துமூன்றுக்குக் கீழே இறங்கவே இல்லை. காலையில் அவன் தும்மிக்கொண்டே வந்தான். மாவுத் தூசியும் சளியும் சேர்ந்து மூக்கை அடைத்திருந்தது.

"இப்படியே படுத்தா தூக்கம் வராது," என்றாள்.

"வரலைன்னா என்ன, மோட்டுவளையப் பாத்துக்கிட்டுக் கெடப்பேன்."

"மூணு நாளா சரியாத் தூங்கல நீங்க. இந்தாங்க, இதப் போடுங்க. போன தடவை டாக்டர் குடுத்தது. அடிச்சுப் போட்டமாதிரி தூக்கம் வரும்."

"அடிச்சுத்தான் போடணுமா?"

"வாயத் திறங்க."

அவன் ஏற்கெனவே இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறவன். அதோடு இதையும் விழுங்கினான். அவள் கோட்டைப் பையில் திணித்துக்கொண்டு கீழே இறங்கியபோது, தையலக்கா தலையில் ஈரத்துண்டைப் போட்டுக்கொண்டு மெஷினை ஓட்டிக்கொண்டிருந்தாள்.

"இன்னைக்கும் ஒரு மணிக்குத்தானா இருட்டு?"

"ஒரு மணிக்குத்தான்க்கா. ரெண்டுக்குக் குடுத்துருவேன்."

"ரெண்டுன்னா ரெண்டு. பள்ளிக்கூடச் சீருடை நாப்பது உருப்படி இருக்கு."

"தண்ணி குடிச்சீங்களா?"

"குடிச்சா எந்திரிக்கணும். போ, போ."

பகல் ஷிப்ட் பன்னிரண்டு மணிக்கு. மூன்று பேர். நடு இருக்கையில் அவள். பக்கத்து மேஜையில் மணிக்கு மணி எண்களை எழுதுகிறவர். அவரைக் கணக்கு என்றே கூப்பிடுவார்கள். பின்னால் கண்ணாடித் தடுப்புக்குள் ஷிப்ட் இன்ஜினியர்.

"வெளிய நாப்பத்தாறு புள்ளி நாலு," என்று கணக்கு வாசித்தார். கிரிக்கெட் ஸ்கோர் சொல்வதுபோலத்தான் அவர் எப்போதும் வாசிப்பார். "ஊரோட மொத்தத் தேவை நாலாயிரத்து நூத்தியெண்பது மெகாவாட். நேத்து ரெக்கார்டு ஒரே நாள்ல போச்சு. சார், சாயந்தரத்துக்குள்ள இன்னும் நூறு ஏறும்னு நான் பந்தயம்."

"உன் வாய வெச்சுக்கிட்டு சும்மா இரு," என்றார் இன்ஜினியர்.

ஒரு மணிக்கு அவள் பதினேழை அணைத்தாள். கோடு சிவந்தது. பஞ்சுக் கோட்டின் கையை இழுத்து விட்டுக்கொண்டு போனைப் பார்த்தாள்.

"ம்" வரவில்லை.

ஐந்து நிமிஷம். பத்து நிமிஷம். மின்சாரம் இல்லாவிட்டால் சில நேரம் செல்போன் கோபுரமும் படுத்துவிடும். அதுதான் என்று வைத்துக்கொண்டாள். ஒன்றேகாலுக்கு ஒரு தடவை கூப்பிட்டாள். மணி அடித்தது. கோபுரம் படுத்திருந்தால் மணி அடிக்காது என்பது போனை வைத்தபிறகுதான் உறைத்தது.

மாத்திரை நினைவுக்கு வந்தது. தூக்கம் வரும், அவ்வளவுதானே. வரட்டும். தூங்குகிறவனுக்கு என்ன? ஆனால் மின்விசிறி நின்றுபோன, ஜன்னல் மூடிய, மேல்தளம் காயும் அறையில் விழிக்காமல் தூங்குகிறவனுக்கு?

எதிர்ச் சுவரில் ஒரு அறிவிப்புத் தாள் ஒட்டியிருந்தது. கம்பத்தில் ஏறும் ஆட்களுக்காக அச்சடித்தது; யாரோ தவறிப்போய் இந்தக் குளிர் அறையில் ஒட்டிவிட்டார்கள். இரண்டு கோடையாக அதன் எதிரில் உட்கார்ந்திருக்கிறாள், ஒருநாளும் கடைசி வரிவரை படித்ததில்லை. இப்போது படித்தாள். உடல் வெப்பம் நாற்பதைத் தாண்டினால் ஆபத்து. பேச்சு குழறும், சம்பந்தமில்லாமல் பேசுவார்கள். வியர்ப்பது நின்று தோல் உலர்ந்துபோகலாம். அதற்குக் கீழே, சின்ன எழுத்தில்: இரத்த அழுத்தத்துக்கோ, சளி ஒவ்வாமைக்கோ மாத்திரை எடுப்பவர்களுக்கு வியர்வை குறையும், கூடுதல் கவனம் தேவை.

அவள் கை ஜில்லிட்டுப் போனது. ஏசியால் என்று அவளால் நினைத்துக்கொள்ள முடியவில்லை.

மணி ஒன்று இருபத்திரண்டு. அப்போதே பதினேழைக் கொடுத்திருக்கலாம். ஒரு விசையை அழுத்தினால் போதும். விரல் அதன்மேல் போய் நின்றது. கொடுத்தால் அதற்குப் பதில் வேறொரு ஃபீடரை எடுக்க வேண்டும். அங்கேயும் யாரோ தூங்கிக்கொண்டிருப்பார்கள். கேட்டில் ஒட்டிய பட்டியல் கண்ணில் நின்றது. இன்னும் முப்பத்தெட்டு நிமிஷம்தான் என்று கையை எடுத்துக்கொண்டாள். அந்த முப்பத்தெட்டு நிமிஷத்தையும் ஒவ்வொன்றாக உட்கார்ந்து கடந்தாள். கணக்கு ஏதோ நகைச்சுவை சொன்னார், தான் சிரித்ததாகக்கூட அவளுக்கு ஞாபகம்.

சரியாக இரண்டு மணிக்குப் பதினேழைக் கொடுத்தாள். கோடு பச்சையானது. மூச்சு விட்டாள். மின்விசிறி சுற்ற ஆரம்பித்திருக்கும்.

பழக்கத்தில் எண்ணைப் பார்த்தாள். இருநூற்றுப் பதினான்கு ஆம்பியர்.

"பதினேழு, எரநூத்திப் பதினாலு," என்று கணக்கு எழுதிக்கொண்டார். "வழக்கம்தான்."

வழக்கம்தான். அணைக்காத நாட்களில் அந்த நேரத்தில் பதினேழு எப்போதும் இருநூற்றுப் பத்தை ஒட்டித்தான் ஓடும். யார் பார்த்தாலும் சரியான எண். ஆனால் அவளுக்கு அந்த எண் பிடிக்கவில்லை. ஒரு மணி நேரம் அணைத்துக் கொடுத்த ஃபீடர் வழக்கமான எண்ணுக்குத் திரும்பாது. சூடேறிக் கிடந்த வீடுகளில் ஃபிரிட்ஜும் ஏசியும் எல்லாம் ஒரே நேரத்தில் ஓடும். ஒரு மணி நேரப் பசியோடு வரும். இதற்கு முந்தைய பத்து நாளும் இரண்டு மணிக்குப் பதினேழு இருநூற்று நாற்பதுக்குத்தான் வந்திருக்கிறது.

இருநூற்று நாற்பது வர வேண்டும். இருநூற்றுப் பதினான்கு வந்திருக்கிறது. மீதி இருபத்தாறு எங்கே?

இருபத்தாறு ஆம்பியர் என்றால் சரியாக ஒரு டிரான்ஸ்ஃபார்மர். எல்லாம் ஒரே நேரத்தில் இழுத்ததில் எங்கேயோ ஒன்றின் ஃபியூஸ் போயிருக்கிறது. அது இந்தத் திரையில் தெரியாது. திரையில் ஃபீடர்வரைதான் தெரியும். தெருமுனையில் நடப்பது தெரியாது. கோடு பச்சையாகத்தான் இருக்கும், கீழே இருநூறு வீடு இருட்டில் கிடக்கும்.

"சார், பதினேழுல ஒரு டிரான்ஸ்ஃபார்மர் போயிருக்கு."

இன்ஜினியர் எழுந்து வந்து திரையைப் பார்த்தார். "எங்க? பச்சையாத்தானே இருக்கு?"

"எண் கம்மியா இருக்கு சார்."

"எரநூத்திப் பதினாலு. அதுல என்ன கம்மி?"

"நாப்பது வரணும். தினமும் நாப்பதுதான் வருது."

"ஏம்மா, ஊரு முழுக்க ஏறிக்கிட்டே போகுதுன்னு மண்டைய ஒடச்சுக்கிட்டு இருக்கேன், ஒண்ணு எறங்கினா அதுக்கும் அழறியே. எறங்கினா சந்தோஷப்படு."

"வெயில் எறங்கலையே சார்."

அவர் எண்ணை இன்னொரு தடவை பார்த்தார். பிறகு, "புகார் மையத்துல கேளு. புகார் வந்திருந்தா ஆள் போவாங்க," என்று தடுப்புக்குள் போய்விட்டார்.

புகார் மையத்தின் லைன் கிடைக்கவில்லை. ஊரே அங்கேதான் பேசிக்கொண்டிருந்தது. வீட்டுக்கு இன்னொரு தடவை அடித்தாள். மணி அடித்து ஓய்ந்தது. தையலக்காவுக்கு அடித்தாள். எடுக்கவில்லை. மறுபடி. எடுக்கவில்லை. மெஷின் ஓடும் சத்தத்தில் கேட்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்தாள். பிறகு, மின்சாரம் இல்லையென்றால் மோட்டார் மெஷின் எப்படி ஓடும் என்று நினைத்தாள். அக்கா மேல் கோபம்கூட வந்தது. ஒரு நாள், ஒரே ஒரு நாள் போனை எடுத்தால் என்ன?

எழுந்து ஓடிவிடலாம். வீடு இருபது நிமிஷத் தூரம். ஆனால் மாற்று ஆள் வரும்வரை நடு இருக்கை காலியாக இருக்கக் கூடாது. தேவை ஏறிக்கொண்டே இருந்தது. சரியான நேரத்தில் ஒரு ஃபீடரை எடுக்கத் தவறினால் ஊர் மொத்தமும் போகும், ஆஸ்பத்திரி உட்பட. மாற்று ஆள் வருவது ஆறு மணிக்கு.

அவர்கள் பகுதி லைன்மேனை ஏணி என்பார்கள், அவ்வளவு உயரம். மேஜையில் இருந்த போனில் பேசினால் எல்லாம் பதிவாகும். அதனால் அவள் தன் செல்போனை எடுத்தாள். எதற்காகத் தன் போனை எடுத்தாள் என்பதை அவள் என்னிடம் மறைத்ததில்லை.

"அண்ணா, எங்க இருக்கீங்க?"

"எங்க இருப்பேன், நரகத்துலதான். காலைலேர்ந்து ஒம்பது ஃபியூஸ் போட்டாச்சு. கம்பத்துல கை வெச்சா தோல் ஒட்டிக்குது. அக்கா, அந்த ஏசி ரூம்ல ஒரு பாட்டில் காத்து புடிச்சு அனுப்பேன்."

"பதினேழுல ஒண்ணு போயிருக்கு. எதுன்னு தெரியல."

"எனக்குத் தெரியும். உங்க தெருமுனைதான். அங்கதான் வந்துக்கிட்டு இருக்கேன். மூணு ஃபியூஸும் அவுட்டு. ஹெல்ப்பர் மயக்கமா இருக்குன்னு உக்காந்துட்டான், ஒத்தையாப் போடணும். அரை மணி நேரம் புடிக்கும்."

அவள் தெருமுனை. கடிகாரத்தைப் பார்த்தாள். மணி இரண்டு முப்பத்தைந்து. மின்விசிறி நின்று ஒன்றரை மணி நேரத்துக்கு மேல்.

அரை மணி நேரம் ஃபியூஸ் போட்டால் இருநூறு வீட்டுக்கும் மின்சாரம் வரும். வீட்டுக்குப் போய்க் கதவை உடைத்தால் ஓர் ஆளைப் பார்க்கலாம். அவள் யோசித்தாள் என்று சொன்னால் பொய். யோசிக்கவே இல்லை.

"அண்ணா, ஃபியூஸ் இருக்கட்டும். முதல்ல எங்க வீட்டுக்குப் போங்க. அவர் உள்ள தாழ்ப்பாள் போட்டுட்டுத் தூங்கறாரு. மாத்திரை குடுத்துட்டு வந்தேன். எந்திரிக்கல. கதவ உடைங்க."

ஏணி வண்டியைத் திருப்பும் சத்தம் கேட்டது.

"போனைக் கட் பண்ணாதீங்க," என்றாள். "சட்டைப் பைல வெச்சுக்கங்க."

திரையைப் பார்த்துக்கொண்டே காதில் போனை அழுத்திக்கொண்டாள். பதினொன்றை அணைத்துப் பன்னிரண்டைக் கொடுத்தாள். கை தன் பாட்டுக்கு வேலை செய்தது. வண்டி நின்றது. செருப்புச் சத்தம். இரும்புக் கதவு கிறீச்சிட்டது. அவர்கள் கட்டடத்தின் வாசல் கதவு, அந்தச் சத்தம் அவளுக்குத் தெரியும். அதற்கப்புறம் ஒரு அமைதி. அந்தக் கட்டடத்தில் அந்த நேரத்தில் அப்படி ஒரு அமைதியை அவள் கேட்டதே இல்லை. ஏன் இவ்வளவு அமைதி என்று நினைத்தாள். அதற்கு மேல் நினைக்கவில்லை.

"கீழ்வீட்டக்கா கதவத் தொறந்து போட்டுட்டுத் தரையில படுத்து நல்லாத் தூங்குது," என்றான் ஏணி, மூச்சு வாங்கிக்கொண்டு. "குடுத்து வெச்சவங்க. எழுப்பிச் சாவி கேக்கவா?"

"அவங்ககிட்ட சாவி இல்ல. தாழ்ப்பாள்தான். நீங்க மேல போங்க."

செருப்புச் சத்தம் மேலே ஏறியது. முதல் மாடி. இரண்டாம் மாடி. அவள் படிகளை எண்ணினாள். கதவைத் தட்டும் சத்தம். கணவன் பெயரைச் சொல்லி ஏணி கூப்பிடும் சத்தம். பதில் இல்லை. பிறகு உடைக்கும் சத்தம். ஒன்று, இரண்டு, மூன்று. நான்காவதில் மரம் பிளந்தது.

"அய்யோ, அடுப்பாட்டம் இருக்கு," என்றான் ஏணி. பிறகு, "அக்கா, கட்டில்ல இல்ல."

"என்ன?"

"கட்டில்ல ஆள் இல்ல. இரு, இரு. தண்ணி ஓடுது."

அவள் எழுந்து நின்றுவிட்டாள். கணக்கு நிமிர்ந்து பார்த்தார்.

"இருக்காரு! பாத்ரூம்ல இருக்காரு. சுவத்துல சாஞ்சு உக்காந்திருக்காரு. குழாய் கால்ல ஓடுது. அண்ணே! அண்ணே, என்னப் பாருங்க!"

போனில் கணவன் குரல் வந்தது. தெளிவில்லாத, கொழகொழத்த குரல். "ரொட்டிய எடுத்தாச்சா? கருகுது பாரு. எடுத்தாச்சா?"

சம்பந்தமில்லாமல் பேசுவார்கள். அவள் சுவரில் இருந்த தாளைப் பார்த்தாள்.

"தோல் எப்படி இருக்கு? வேர்த்திருக்கா?"

"வேர்வை இல்லக்கா. கொதிக்குது."

"துணிய நனைச்சு மேல போடுங்க. அக்குள்ல, கழுத்துல. விசிறுங்க. தண்ணி வாயில ஊத்தாதீங்க. கீழ தூக்கிட்டு வாங்க, நான் ஆம்புலன்சுக்குச் சொல்றேன்."

ஏணியும், சத்தம் கேட்டு வந்த இரண்டாம் மாடிக்காரரும் அவனைப் போர்வையில் போட்டு இறக்கினார்கள். கீழே தையலக்காவின் வாசலைத் தாண்டித்தான் போனார்கள். ஆம்புலன்ஸ் வந்தபோது மூன்று பத்து. அதன்பிறகு ஏணி தெருமுனைக்குப் போய்க் கம்பத்தில் ஏறினான். மூன்று நாற்பத்தைந்துக்குப் பதினேழின் எண் ஒரேயடியாக இருநூற்று முப்பத்தொன்பதுக்குத் தாவியது.

"ஓஹோ," என்றார் இன்ஜினியர் பின்னாலிருந்து. "நீ சொன்னது சரிதாம்மா. எப்படிக் கண்டுபுடிச்ச?"

அவள் எண்ணைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வர வேண்டிய அளவுக்கு வந்துவிட்டது என்று மனம் ஆறும்போதுதான், வேறு ஏதோ ஒன்று கணக்கில் உதைத்தது. எது என்று பிடிபடவில்லை. எண்கள் எல்லாம் சரியாக இருந்தன. நாற்பது உருப்படி. தலையில் ஈரத்துண்டு. ரெண்டுன்னா ரெண்டு. ராத்திரின்னு ஒண்ணு எதுக்கு இருக்கு?

தையலக்கா பகலில் தூங்க மாட்டாள்.

மேஜைப் போனைத்தான் எடுத்தாள் இந்தத் தடவை. பதிவானால் ஆகட்டும். ஏணி எடுக்கவில்லை, அடுத்த கம்பத்தில் இருந்தான். தையலக்காவின் எண்ணுக்கு அடித்தாள். மணி அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது. யாரோ எடுத்தார்கள். ஒரு நொடி உயிர் வந்தது. பின்னால் மின்விசிறி சுற்றும் சத்தம் கேட்டது.

"அக்கா?"

"நீங்க யாரு?" என்றது வேறொரு பெண் குரல், அழுகையும் பதற்றமுமாக. "நான் சீருடை வாங்க வந்தேன். இவங்க எந்திரிக்கவே மாட்டேங்கறாங்க. உடம்பெல்லாம் நெருப்பா இருக்கு. இந்த வீட்டுல யாரும் இல்லையா? யாரக் கூப்பிடணும்?"

அக்காவுக்கும் ஓர் ஆம்புலன்சுக்குச் சொல்லிவிட்டு, ஆறு மணிக்கு மாற்று ஆள் வந்தபிறகுதான் அவள் வெளியே வந்தாள். கதவைத் திறந்ததும் வெயில் முகத்தில் அறைந்தது. கோட்டைக் கழற்ற வேண்டும் என்றுகூடத் தோன்றாமல் பஞ்சு வைத்த அந்தக் கோட்டோடு ஆஸ்பத்திரிக்குப் போனாள். இருவரும் ஒரே வார்டில் இருந்தார்கள். கட்டில் போதாமல் தாழ்வாரம்வரை ஆட்கள். அவள் இரண்டு கட்டிலுக்கும் நடுவில் நின்றாள்.

தையலக்கா கண் திறக்காமலே இரண்டாம் நாள் காலை இறந்துபோனாள். முதல் அரை மணி நேரத்தில் ஃபியூஸ் போட்டிருந்தால் பிழைத்திருப்பாளா என்று அவள் டாக்டரிடம் கேட்டாள். அப்படியெல்லாம் சொல்ல முடியாது என்றார் டாக்டர். ஏணி முதலில் கீழ்வீட்டில் நின்றிருந்தால் மேலே இருந்தவன் பிழைத்திருப்பானா என்று அவள் கேட்கவில்லை.

இறப்புச் சான்றிதழில் மாரடைப்பு என்று எழுதியிருந்தது. அந்தக் கோடையில் வெயிலால் இறந்தவர்கள் எத்தனை பேர் என்று அரசு ஒரு எண்ணை வெளியிட்டபோது, கணக்கு அதன் பட்டியலைத் தேடி எடுத்துப் பகுதி பகுதியாகப் பார்த்தார். அவர்கள் பகுதிக்கு நேராகப் பூஜ்யம் போட்டிருந்தது. அவர் அதை அவளிடம் காட்டினார். பிறகு எண்களைச் சத்தமாக வாசிப்பதை விட்டுவிட்டார்.

கணவன் ஒன்பது நாள் கழித்து வீடு திரும்பினான். சிறுநீரகம் முழுதாகத் தேறவில்லை. அடுப்பின் பக்கம் போகக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். இப்போது அதே பேக்கரியின் முன்புறத்தில் பகலில் நின்று ரொட்டி விற்கிறான். அந்த மதியத்தில் எதுவும் அவனுக்கு ஞாபகம் இல்லை. ஏணி வேறு பகுதிக்கு மாற்றல் வாங்கிக்கொண்டு போனான். கீழ்வீட்டக்கா நல்லாத் தூங்குது என்ற அந்தப் பேச்சைத் தான் படியேறும்போது சொன்னதாகத்தான் அவனும் சொல்கிறான். ஆனால் தனக்கும் நிச்சயமில்லை என்கிறான். ஷிப்ட் இன்ஜினியருக்குப் பதவி உயர்வு கிடைத்தது. கீழ்வீட்டுக்கு வேறு குடித்தனம் வந்தது. தைத்து முடித்த முப்பத்தொரு சீருடையையும் தைக்காத ஒன்பதையும் பள்ளிக்கூடத்திலிருந்து வந்து எடுத்துப் போனார்கள்.

அவள் இன்னும் நடு இருக்கையில்தான் இருக்கிறாள். சொந்தத் தெருவைத்தான் இப்போதும் முதலில் அணைக்கிறாள். தெருமுனையில் பெரிய டிரான்ஸ்ஃபார்மர் வைத்துவிட்டார்கள்.